லாரிக்கு டிஜிட்டல் மீட்டர்: நாலு வாங்கினேன், இரண்டு போதும்

அவசரக்காரர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள பழைய லாரி வைத்திருந்தால் எக்ஸாஸ்ட் புகையின் சூடு காட்டும் மீட்டர் ஒன்றும், ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றும் தாராளமாக வாங்கிப் போடலாம். கொடுத்த காசு வீணாகாது. டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் காட்டும் பூஸ்ட் மீட்டர் ஆசைக்கு. தண்ணீர்ச் சூடு மீட்டர் பாதி பிரயோஜனம். அதே டப்பாவுக்குள் வோல்ட் மீட்டரும் சேர்த்துத் தருகிறார்களே, அதற்கு மட்டும் மயங்காதீர்கள். ஏன் என்று பின்னால் வருகிறது, படித்தால் சிரிப்பீர்கள்.

எங்கள் வண்டி பத்து சக்கரம், பிஎஸ்3 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தது), ஆறு சிலிண்டர், டர்போ (புகை வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் சக்கரம்), இன்லைன் பம்ப் (மெக்கானிக்கல் வகைதான்). எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அந்தக் காலத்து வண்டி எல்லாவற்றுக்கும் இந்தக் கதை பொருந்தும். ஊர் கணியம்பாடி. ஆரணி ரைஸ் மில்லில் அரிசி ஏற்றி, கண்ணமங்கலம், வேலூர், காட்பாடி, சித்தூர் என்று போய், பங்காருபாளையம் தாண்டி மொகிலி மலை ஏறி, பலமனேர், முல்பாகல், கோலார். சில லோடு பெங்களூர் வரை. திரும்பும்போது கோலார் மண்டியில் தக்காளி அமைந்தால் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு. இல்லாவிட்டால் கிடைத்ததை ஏற்றிக்கொண்டு வரவேண்டியதுதான். முன்பு நானே ஓட்டினேன். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது ஒரு தம்பி ஓட்டுகிறார், நான் அடிக்கடி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவேன்.

மீட்டர் ஆசை எங்கிருந்து வந்தது என்றால், ஒரு சித்திரை வெயிலில் இன்ஜின் ஹெட் போனதிலிருந்து. அப்போது வேறு டிரைவர். மொகிலி ஏற்றத்தில் ரேடியேட்டர் அடி ஹோஸ் கிளிப் தளர்ந்து தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. டேஷ்போர்டு ஊசி என்ன செய்தது தெரியுமா? முதலில் கொஞ்சம் ஏறியது, அப்புறம் இறங்கிவிட்டது. சூடு தணிந்துவிட்டது என்று அவர் நிம்மதியாக மேலே ஏற்றினார். அவர்மேல் குற்றமில்லை. சென்சார் தண்ணீரில் முங்கி இருந்தால்தான் தண்ணீரின் சூட்டைக் காட்டும். தண்ணீர் போய் வெறும் ஆவியில் நின்றால் அது குறைத்துத்தான் காட்டும். ஹெட் கேஸ்கெட், ஹெட் பிளெயினிங், இரண்டு லைனர், பிஸ்டன், கூலி, வண்டி நின்ற நாட்களுக்கான வாடகை நஷ்டம் எல்லாம் சேர்ந்து லட்சத்தைத் தாண்டியது.

சரி, இந்த டிஜிட்டல் மீட்டர் அன்றைக்கு இருந்திருந்தால் ஹெட் பிழைத்திருக்குமா? இருக்காது. இதை விற்கிறவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். டிஜிட்டல் சென்சாரும் அதே மாதிரி தண்ணீரில் முங்கி இருக்கவேண்டிய சென்சார்தான். ஊசிக்குப் பதில் எண் இறங்கியிருக்கும், அவ்வளவே. அந்த நோய்க்கு மருந்து வாட்டர் லெவல் அலாரம். ரேடியேட்டர் மேல் டேங்கில் ஒரு கம்பி முனை தொட்டுக்கொண்டு நிற்கும், தண்ணீர் இறங்கி முனையை விட்டால் பஸ்ஸர் கத்தும். சில நூறு ரூபாய் சாமான். மீட்டர் வாங்குகிறீர்களோ இல்லையோ, முதலில் அதைப் போடுங்கள். நான் ஹெட் கட்டி முடித்த அன்றே போட்டுவிட்டேன். மீட்டர் அதற்கப்புறம் வந்தது, வேறு காரணத்துக்காக.

ஆன்லைனில் வாங்கியது, பெயரில்லாத சரக்கு. 52 மில்லிமீட்டர் வட்ட மீட்டர் நாலு: எக்ஸாஸ்ட் சூடு, ஆயில் பிரஷர், டர்போ பூஸ்ட், நாலாவதில் தண்ணீர்ச் சூடும் வோல்ட்டும் சேர்ந்து. ஒவ்வொன்றுக்கும் சென்சார், வயர், ஒரு துண்டுக் காகிதத்தில் சைனாவும் இங்கிலீஷுமாக விளக்கம். பெட்டியைப் பிரித்ததும் என் பெண் வாங்கிப் பார்த்து, "அப்பா, இதுல ஃபாரன்ஹீட்ல வருது" என்றாள். பின்பக்கம் பட்டனை அழுத்திப் பிடித்தால் டிகிரி செல்சியஸுக்கு மாறும், பிரஷர் பி.எஸ்.ஐ.யிலிருந்து பாருக்கு மாறும். மீட்டர், 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர், வயர், ஸ்டாண்டு, லேத் கூலி, எலக்ட்ரீஷியன் கூலி என்று மொத்தம் பதினாலாயிரம் சொச்சம் ஆயிற்று. அதில் மீட்டர் விலை பாதிக்குக் கொஞ்சம் மேல். மீதி முழுக்க மாட்டுவதற்கான செலவு. விலையை மட்டும் பார்த்து ஆர்டர் போடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சிக்கல் 24 வோல்ட். விளம்பரத்தில் 12, 24 இரண்டுக்கும் ஆகும் என்று போட்டிருந்தது. வந்த நாலில் இரண்டின் முதுகில் 12 மட்டுமே என்று ஸ்டிக்கர். விற்றவரைக் கேட்டால், ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நம் பக்கத்தில் பாட்டு செட்டுக்குப் பல வண்டிகளில் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். அது பேட்டரிக்குக் கேடு. இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக நிற்கிறது. ஒன்றிலிருந்து மட்டும் கரண்ட் உறிஞ்சினால் அது எப்போதும் குறைச்சலாகவே இருக்கும், மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஏறித் தண்ணீர் வற்றும். வேலூரில் எங்களுக்கு வழக்கமாக வயரிங் பார்க்கும் பாய் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. "கன்வெர்ட்டர் வாங்கிட்டு வாங்கண்ணா, இல்லன்னா நான் கை வெக்கமாட்டேன்" என்றுவிட்டார். சென்னை ரிச்சி தெருவில் தெரிந்த பையன் மூலமாக நல்லதாக ஒன்று வந்தது.

இங்கேதான் அந்த வோல்ட் மீட்டர் கதை. கன்வெர்ட்டர் எப்போதும் 12 தான் கொடுக்கும். மீட்டர் தனக்கு வரும் வோல்ட்டையே அளந்து காட்டுகிறது. ஆக ஆல்டர்னேட்டர் வேலை செய்தாலும் 12, பெல்ட் அறுந்து விழுந்தாலும் 12! பச்சை எழுத்தில் பளிச்சென்று, கவலையே இல்லாமல். வண்டி ஓடும்போது 27.5-க்கும் 28.5-க்கும் நடுவில் நிற்கிறதா என்பதுதான் நமக்கு வேண்டியது. அதற்கு நேராக 24 வோல்ட் லைனில் மாட்டுகிற சின்ன எல்.இ.டி. வோல்ட் மீட்டர் கடைத்தெருவில் கிடைக்கிறது, அதை வாங்கி ஒட்டிவிட்டோம்.

எக்ஸாஸ்ட் சூடு சென்சார் மாட்டுவதுதான் பெரிய வேலை, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகையைச் சேர்த்துக் கொண்டுவரும் மேனிஃபோல்டில் துளை போட்டு, எட்டில் ஒரு இஞ்ச் என்.பி.டி. (பைப்) மரை வெட்டி, அதில் கம்பி மாதிரியான புரோபை இறக்க வேண்டும். மேனிஃபோல்டைக் கழற்றாமலே வண்டியிலேயே டிரில் போடலாம், டிரில் பிட்டில் கிரீஸ் தடவினால் தூள் ஒட்டிக்கொள்ளும் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். வார்ப்பிரும்புத் தூள் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தால் நேராக டர்போ சக்கரத்துக்குப் போகும். அது முழு வேகத்தில் நிமிஷத்துக்கு லட்சம் சுற்று அளவில் சுற்றுகிற சாமான். கழற்றித்தான் போட வேண்டும். நாங்கள் கழற்றி லேத்துக்கு எடுத்துப்போனோம்.

எந்த இடத்தில் துளை? ஆறு சிலிண்டரில் முன் மூன்றுக்கு ஒரு வழி, பின் மூன்றுக்கு ஒரு வழி என்று மேனிஃபோல்டு இரண்டாகப் பிரிந்து டர்போவுக்கு வரும். ஒரு பக்கம் துளைத்தால் அந்த மூன்று சிலிண்டரின் சூடுதான் தெரியும். எங்கள் மெக்கானிக் பின் மூன்றைத் தேர்ந்தெடுத்தார். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் பக்கம் அது, சூடு அங்கேதான் முதலில் தலைகாட்டும் என்பது அவர் கணக்கு. டர்போவுக்குப் பின்னால் சைலென்ஸர் குழாயில் போட்டால் வேலை சுலபம், புரோப் முனை என்றைக்காவது ஒடிந்தாலும் டர்போவுக்கு ஆபத்தில்லை. ஆனால் அங்கே ஏற்றத்தில் 100 முதல் 150 டிகிரி வரை குறைத்துக் காட்டும், மாற்றமும் தாமதமாகத்தான் தெரியும். எங்கே போட்டிருக்கிறது என்று தெரியாமல் இன்னொருவர் வண்டி எண்ணோடு உங்கள் வண்டி எண்ணை ஒப்பிட்டு பயப்படாதீர்கள்.

அடுத்தது வயர். டப்பாவில் வந்தது இரண்டு மீட்டர். மேனிஃபோல்டிலிருந்து சேஸிஸ் ஓரமாக வந்து கேபினுக்குள் ஏறி டேஷ்போர்டு வரை வர அது பத்தவில்லை. விற்றவர், எந்த வயரையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள் என்றார். என் மச்சான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறார். விஷயத்தைச் சொன்னதும் போனிலேயே கத்தினார். "மாமா, அது கே டைப் தெர்மோகப்பிள். செம்பு வயர் போட்டீங்கன்னா பொய் சொல்லும்." இரண்டு வேறு உலோகக் கம்பிகள் சேரும் முனையில் சூட்டினால் உண்டாகும் மிகச் சிறிய வோல்ட்டைத்தான் மீட்டர் படிக்கிறது. ஒரு டிகிரிக்கு ஒரு வோல்ட்டில் லட்சத்தில் நாலு பங்கு அளவுதான். நடுவில் செம்பு வந்தால், முடிச்சு இருக்கும் இடத்துக்கும் மீட்டர் இருக்கும் இடத்துக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். இன்ஜின் பக்கம் முடிச்சு 90-ல், கேபின் 40-ல் என்றால் 50 டிகிரி குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டுவதுதான் ஆபத்து. சிப்காட் பக்கம் பாய்லர் கருவிகள் விற்கும் கடையில் இதற்கென்றே உள்ள வயர் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, மச்சானே வாங்கி வந்தார். வேலூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இது ஒரு வசதி. தோல் பதனிடும் ஷாப்பும் கெமிக்கல் ஃபேக்டரியும் இருக்கும் ஊரில் தெர்மோகப்பிளுக்குப் பஞ்சமில்லை.

மஞ்சள் வயர், சிவப்பு வயர் என்று இரண்டு இருக்கும். லாரி வயரிங்கில் சிவப்பு என்றால் பிளஸ். இந்த வகையில் சிவப்புதான் மைனஸ். பாய் கை பழக்கத்தில் சிவப்பைப் பிளஸில் கொடுத்துவிட்டார். இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 36 என்று இருந்த எண் ஏறுவதற்குப் பதில் இறங்கி இறங்கி பூஜ்யத்தில் உட்கார்ந்துகொண்டது. மாற்றிக் கொடுத்ததும் சரி.

புரோபை மாட்டுவதற்கு முன்னால் வீட்டு அடுப்பில் ஒரு சோதனை செய்தேன். பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது முனையை நடுவில் பிடித்தேன். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம்தான் உயரம், 99-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 97 காட்டியது. எழுநூறைப் பார்க்கப் போகிற கருவிக்கு இரண்டு டிகிரி ஒரு பொருட்டில்லை. "ரசத்துக்கு வெச்ச தண்ணி அது" என்று வீட்டம்மா சொன்னது தனி. நீங்களும் மாட்டுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள், மாட்டியபின் சந்தேகம் வந்தால் கழற்றுவது பெரும்பாடு.

ஆயில் பிரஷர் சென்சாரில் இரண்டே எச்சரிக்கை. பிளாக்கிலிருந்து T வடிவத்தில் ஒரு பித்தளை இணைப்பு வைத்து, அதில் ஆயில் லைட்டுக்கான கம்பெனி ஸ்விட்ச், இந்தப் புதுச் சென்சார் இரண்டையும் தொங்கவிடுவார்கள். லாரி இன்ஜின் நடுக்கத்துக்குப் பித்தளைக் கழுத்து ஒருநாள் முறியும், முறிந்தால் ஆயில் முழுக்க ரோட்டில். சின்ன பிரஷர் ஹோஸ் ஒன்று வைத்து, சென்சாரைச் சேஸிஸில் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். அடுத்தது, ஒற்றை வயர் சென்சார் என்றால் உடம்பு வழியாகத்தான் எர்த். ஹோஸில் தள்ளி வைத்தால் உடம்புக்குத் தனி எர்த் வயர் கொடுக்க வேண்டும். மரையில் டெஃப்லான் டேப்பை மொத்தமாகச் சுற்றினாலும் எர்த் கெட்டு எண் ஆடும். தண்ணீர்ச் சூட்டுக்கு ஹோஸை வெட்டி நடுவில் வைக்கிற அலுமினிய அடாப்டர் தருகிறார்கள். இரண்டு பக்கமும் ரப்பர், அதற்கும் அதே எர்த் தொல்லைதான்.

இனி ஓட்டிப் பார்த்த கதை.

டிரைவர் தம்பிக்கு முதல் நாளே முகம் சுருங்கியது. "இன்னாண்ணா இது, லாரியா ஏரோபிளேனா? ஜிபிஎஸ்ஸும் போட்டாச்சு, இப்ப இதுவுமா?" அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்த மீட்டரில் உச்ச எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பட்டன் உண்டு. வண்டி வந்ததும் ஓனர் பட்டனைத் தட்டிப் பார்த்து, எங்கே 720 அடித்தாய் என்று கேட்கலாம். அதைக் கேட்டுப் பேட்டாவில் பிடிப்பதில்லை என்று முதலிலேயே பேசிவிட்டேன். நீங்களும் பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் ஏதாவது ஒரு வயர் தானாகவே அறுந்திருக்கும்.

காட்பாடி ரயில்வே மேம்பாலத்து வரிசையில் நின்று நின்று ஊரும்போது எக்ஸாஸ்ட் 150, 180 என்று கிடக்கிறது. தண்ணீர் 84-லிருந்து மெதுவாக 91 வரை ஏறி, ஃபேன் பிடித்ததும் இறங்குகிறது. சித்தூர் ரோட்டில் முழு லோடில் சமதளத்தில் 400, 450. பங்காருபாளையம் தாண்டும்வரை பார்க்க ஒன்றுமில்லை. மலை ஆரம்பித்ததும்தான் காசு எங்கே போயிற்று என்று புரிந்தது.

ஐந்தாம் கியரில் இழுக்கிற வரைக்கும் இழுக்கட்டும் என்று ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடிப்பது நம்மில் பலருக்கும் பழக்கம். கியரை டவுன் அடித்தால் இன்ஜின் கத்துகிறது, டீசல் குடிக்கிறது என்று ஓர் எண்ணம். தம்பி அப்படித்தான் பிடித்தார். 560, 600, 640. இன்ஜின் சத்தம் கனத்து, ஆர்.பி.எம். இறங்க இறங்க எண் மட்டும் ஏறுகிறது. 670. தண்ணீர் அப்போதும் 85-ல் சாதுவாக நிற்கிறது. 680-க்கு அலாரம் வைத்திருந்தேன், கிணுகிணு என்று கத்தியது. "நாலுக்குத் தட்டு, அப்பால பாரு" என்றேன். நாலாம் கியர் விழுந்து ஆர்.பி.எம். ஏறியதும், மூச்சு விட்டு வாங்குவதற்குள் 640, 610, 580 என்று சரிந்தது. வண்டி வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார், மீட்டரைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த வளைவில் 630 காட்டும்போதே தானாக மூன்றுக்குத் தட்டினார்.

நடப்பது இதுதான். குறைந்த சுற்றில் டர்போ போதுமான காற்றைத் தள்ளாது. ஆக்ஸிலேட்டர் அழுத்தினால் டீசல் மட்டும் வந்துகொண்டே இருக்கும், காற்று பத்தாமல் சூடாகவும் கரியாகவும் எரியும். சுற்று ஏறினால் காற்று ஏறும், சூடு இறங்கும். பிஸ்டன் அலுமினியக் கலவை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். எக்ஸாஸ்ட் 700 என்றால் பிஸ்டனும் 700 ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை, அடியில் ஆயிலும் சுற்றித் தண்ணீரும் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆனால் டர்போவுக்கு முன்னால் 700-க்கு மேல் நிமிஷக்கணக்கில் நிறுத்தி ஏற்றினால் பிஸ்டன் தலை, வால்வு, டர்போ எல்லாம் அடி வாங்கும். இதை டேஷ்போர்டு ஊசி சொல்லவே சொல்லாது. தண்ணீர் சூடேறச் சில நிமிஷம் ஆகும். அதற்குள் மலையே முடிந்துவிடும். நான் ஓட்டிய காலத்தில் காதால் கேட்டுக் கியர் போட்டோம், புகையைக் கண்ணாடியில் பார்த்தோம். அது தப்பில்லை, ஆனால் அந்தக் காது வர வருஷக்கணக்கில் ஆகும். வேலைக்கு வரும் புதுப் பையனுக்கு எண் உடனே புரிகிறது.

கிருஷ்ணகிரி வழியில் இவ்வளவு விஷயமில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பர்கூர் என்று மெதுமெதுவாக ஏறும் ரோடு, 550 தாண்டுவதே அபூர்வம். அந்த லைனில் மட்டும் ஓடுகிறவர்களுக்கு இந்த மீட்டர் அவ்வளவு அவசியமில்லை. பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா ஏறுகிறவர்கள், மொகிலி ஏறுகிறவர்கள், கிராவல், ஜல்லி என்று குவாரி மேட்டில் ஏற்றுகிறவர்கள் போடலாம்.

இன்னொரு சின்ன லாபம். டர்போ வண்டியை நிறுத்தினால் ஐந்து நிமிஷம் ஐடிலில் விடு என்று எல்லாரும் சொல்வோம். இறக்கத்திலோ மெதுவாகவோ வந்து ஹோட்டல் வாசலில் நிறுத்தும்போது பார்த்தால் ஏற்கெனவே 160 தான் இருக்கிறது. உடனே அணைக்கலாம். மேடு ஏறிய சூட்டோடு நிறுத்தினால் 300-க்கு மேல் நிற்கும், அப்போது நிஜமாகவே காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் டர்போ பேரிங்கில் ஆயில் வெந்து கரியாகும். கடிகாரத்தை விட்டு எண்ணைப் பார்த்தால் போதும்.

ஆயில் பிரஷர் மீட்டரில் இப்படி நாடகம் எதுவும் இல்லை. சூடான இன்ஜின் ஐடிலில் 1.2 பார், ஓட்டத்தில் 3.8, 4. அது நல்ல செய்தி; தினம் அதே எண் வருவதுதான் நமக்கு வேண்டியது. கம்பெனி லைட் எரிவதற்குள் பிரஷர் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போயிருக்கும். இங்கே ஐடிலில் 0.9 என்று ஒருநாள் தெரிந்தால் அன்றே டிப் ஸ்டிக் பார்க்கலாம். ஆயில் மாற்றும் தேதி நெருங்க நெருங்க ஐடில் எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதும், மாற்றியதும் பழையபடி ஏறுவதும் கண்ணெதிரே தெரிகிறது. ஒருமுறை மெக்கானிக்கிடம் உள்ள ஊசி கேஜை நேராக மாட்டி ஒத்துப்பார்த்தோம், வித்தியாசம் சொல்லும்படி இல்லை.

பூஸ்ட் மீட்டர் பார்க்க அழகாகத் துள்ளும். முழு லோடு ஏற்றத்தில் எங்கள் வண்டி 1 பாரை ஒட்டி வரும். ஏர் ஃபில்டர் அடைத்தாலோ, இன்டர்கூலர் ஹோஸ் விரிந்தாலோ அது வராது. உபயோகமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே கோளாறில் எக்ஸாஸ்ட் சூடும் வழக்கத்தைவிட ஏறுமே, அது போதாதா?

குறைகள் நிறைய. வேலூர் வெயிலில் மத்தியானம் பன்னிரண்டு முதல் மூன்று வரை எண்ணே தெரியாது. ஸ்கிரீனுக்கு மேலே கறுப்பு ரெக்ஸினில் ஒரு கூரை தைத்து ஒட்டினோம். ராத்திரியில் நேர்மாறு, நீல வெளிச்சம் கண்ணாடியில் அடித்து எதிர் வண்டி மாதிரி தெரிகிறது. பார்க்கிங் லைட் லைனில் சேர்க்க ஒரு வயர் இருக்கிறது, சேர்த்தால் மங்கும், ஆனால் போதுமான அளவு இல்லை. சன் ஃபிலிம் துண்டு ஒட்டித்தான் அடங்கிற்று. உள்ளே இருக்கும் பஸ்ஸர் சத்தம் காருக்குச் சரி. நம் கேபினில் இன்ஜின் சத்தம், பாட்டு, ஏர் ஹாரன் நடுவில் கேட்காது. எக்ஸாஸ்ட் மீட்டரில் மட்டும் வெளி அலாரத்துக்கு ஒரு வயர் இருந்தது, அதில் ரிலே வைத்து ரிவர்ஸ் பஸ்ஸர் ஒன்றை மாட்டினார் பாய். ஆயில் பிரஷருக்கு அந்த வயர் இல்லை, அது பெரிய குறை. அலாரம் வேண்டிய மீட்டரே அதுதானே! வாங்கும்போது இதை விசாரித்து வாங்குங்கள். ஃபேக்டரியிலிருந்து வரும்போது எக்ஸாஸ்ட் அலாரம் 850-க்கு வைத்திருந்தது. அந்தச் சூட்டில் கத்தி யாருக்கு லாபம்? மழைக்காலத்தில் பூஸ்ட் சென்சார் பிளக்கில் தண்ணீர் ஏறி எண் தாறுமாறாக ஓடியது. காயவைத்து, சிலிக்கான் பூசி, பிளக்கைக் கீழ்ப்பார்க்கத் திருப்பிக் கட்டினோம்.

மைலேஜுக்காக வாங்காதீர்கள். அந்த ஆசை காட்டித்தான் விற்கிறார்கள்.

பிஎஸ்6 வண்டிக்காரர்கள் மேனிஃபோல்டில் கை வைக்க வேண்டாம். அதில் எக்ஸாஸ்ட் சூட்டுக்கு என்றே கம்பெனி சென்சார்கள் இருக்கின்றன, கம்ப்யூட்டர் அதை வைத்துத்தான் டி.பி.எஃப். என்கிற புகை வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கிறது, புகையைச் சுத்தம் செய்ய யூரியா தெளிக்கிறது. நீங்கள் துளை போட்டால் வாரண்டியும் போகும். டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகி அதே எண்களைப் படிக்கும் கருவிகள் இருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது அந்த வழி.

எங்களிடம் இன்னொரு வண்டி இருக்கிறது, அதுவும் பிஎஸ்3 தான். அதற்கு இரண்டே மீட்டர் ஆர்டர் போட்டு, வெளி அலாரம் வயர் உள்ளதாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன். கே டைப் வயரும் நாலு மீட்டர் மச்சான் கொடுத்துவிட்டார். அந்த வண்டி டர்போவில் ஆயில் கசிவு; ஆடி மாசம் லோடு குறைந்ததும் எப்படியும் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். அன்றைக்கே லேத்துக்கு எடுத்துப் போனால் கழற்றி மாட்டும் கூலி ஒன்றோடு போகும்.